காது கேட்கும் கருவியை ஸ்மார்ட்ஃபோனுடன் இணைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

காதில் கருவி மாட்டியவர் ஃபோனைக் காதோடு ஒட்டிப் பிடித்தால் கருவி கீச்சிடும். ஸ்பீக்கரில் போட்டால் பேச்சு அறை முழுக்கச் சிதறி, சொற்கள் தெளிவில்லாமல் வந்து சேரும். புளூடூத் வழியாக ஒலியை நேரே கருவிக்குள் அனுப்பினால் இந்த இரண்டு தொல்லையும் தீரும். ஆனால், இணைக்க முயல்கிறவர்களில் பலர் முதல் அரைமணி நேரத்திலேயே ‘இந்த மெஷின் சரியில்லை’ என்று பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் கருவியில் கோளாறு இருக்காது. செய்த வரிசை தவறியிருக்கும், அல்லது அந்தக் கருவிக்குப் பொருந்தாத மெனுவில் தேடியிருப்பார்கள்.

கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். கருவி அணிபவர் பக்கத்தில் இருக்கும்போதே செய்யுங்கள். முடிந்தவரை அவர் விரலாலேயே அழுத்தச் சொல்லுங்கள். விடுமுறைக்கு வந்த மகனோ மகளோ எல்லாவற்றையும் செய்து கொடுத்துவிட்டு விமானம் ஏறினால், அடுத்த வாரம் இணைப்பு அறும்போது வீட்டில் யாருக்கும் வழி தெரியாது.

1. கருவி எந்த வழியில் பேசும் என்று முதலில் கண்டுபிடியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தாம் அதிகம் தடுமாறுகிறார்கள். ‘புளூடூத் உள்ள கருவி’ என்று கடையில் சொல்வது போதாது. ஃபோன் ஒலியைக் கருவிக்குக் கொண்டுவர நான்கு வழிகள் இருக்கின்றன. உங்கள் கருவிக்கு அவற்றில் எது உண்டு என்பதைப் பொறுத்தே ஃபோனில் எந்த மெனுவைத் திறக்க வேண்டும் என்பது அமையும்.

முதல் வழி, ‘மேட் ஃபார் ஐபோன்’. ரீசவுண்ட், ஓட்டிகான், ஸ்டார்கி, வைடெக்ஸ், சிக்னியா நிறுவனங்களின் பல மாடல்களில் இது உண்டு. ஐபோன், ஐபேட் போன்ற ஆப்பிள் சாதனங்களுக்கு மட்டும் பயன்படும்.

இரண்டாவது, ‘ஆஷா’ எனப்படும் ஆண்ட்ராய்டு வழி. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல் இது இருக்கிறது. ஆனால் ஆண்ட்ராய்டு 10 இருந்தாலே ஆஷா இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஃபோன் தயாரித்த நிறுவனமும் அதைச் சேர்த்திருக்க வேண்டும். விலை குறைந்த ஃபோன்களில் பல இடங்களில் சிக்குவது இதனால்தான்.

மூன்றாவது, சாதாரண புளூடூத். கழுத்தில் மாட்டும் இயர்ஃபோனும் காரின் ஸ்டீரியோவும் இணைவது இதே வழியில்தான். ஃபோனாக் நிறுவனத்தின் மார்வல், பாரடைஸ், லுமிட்டி வரிசைகள் இதைப் பயன்படுத்துகின்றன. புளூடூத் ஹெட்செட்டை ஏற்கும் பட்டன் ஃபோனிலும் வேலை செய்யும் என்பது இதன் பெரிய நன்மை. ஸ்மார்ட்ஃபோனே வேண்டாம் என்று பிடிவாதமாக இருக்கும் பாட்டாவுக்கு இந்த வழிதான் சரி.

நான்காவது, ‘எல்இ ஆடியோ’. புளூடூத் 5.2-உடன் வந்த புதிய வழி. ஆண்ட்ராய்டு 13 முதல் இதற்கு இடம் இருக்கிறது. கருவி, ஃபோன் இரண்டிலும் இந்த வசதி இருந்தால்தான் பயன்.

மாடல் பெயரைக் கருவியின் மேல் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். எழுத்து அவ்வளவு சிறியது. வாங்கிய பில், வாரண்டி அட்டை, பெட்டியின் பக்கவாட்டு ஸ்டிக்கர் இவற்றில் முழுப்பெயர் இருக்கும். அதைத் தாளில் எழுதிக்கொண்டு, தயாரிப்பாளரின் தளத்தில் உள்ள ‘பொருந்தும் ஃபோன்கள்’ பட்டியலில் பாருங்கள். ஒரே வரிசையில் ஒரே பெயருடன் வரும் கருவிகளிலும் ஒன்றில் புளூடூத் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. ஆகவே பெயரின் கடைசியில் வரும் எழுத்தையும் எண்ணையும் விட்டுவிடாதீர்கள்.

காதுத் துளைக்குள் முழுதாக ஒளிந்துகொள்ளும் மிகச்சிறிய கருவிகளில் பெரும்பாலும் இந்த வசதி இருக்காது. ஆன்டெனாவுக்கும் பேட்டரிக்கும் அங்கே இடம் போதாது. அரசு உதவித் திட்டங்களில் கிடைக்கும், காதுக்குப் பின்னால் மாட்டும் சாதாரண டிஜிட்டல் கருவிகளிலும் பெரும்பாலும் இருக்காது. அப்படியென்றால் மனம் தளர வேண்டாம். 12-ஆம் பகுதிக்குப் போங்கள்.

2. ஃபோன் ஈடுகொடுக்குமா

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், அபவுட் ஃபோன், ஆண்ட்ராய்டு வெர்ஷன் என்று போனால் எண் தெரியும். பிறகு செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டி பகுதிக்குள் ‘ஹியரிங் டிவைசஸ்’ அல்லது ‘ஹியரிங் எய்ட்ஸ்’ என்று ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். பெயர் ஃபோனுக்கு ஃபோன் மாறும். அங்கே புதிய கருவியைச் சேர்க்கும் பொத்தான் இருந்தால் நல்ல அறிகுறி.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. ‘ஹியரிங் எய்ட் கம்பாட்டிபிலிட்டி’ என்று ஒரு சுவிட்ச் பல ஃபோன்களில் இருக்கிறது. அதை ஆன் செய்வதால் மட்டும் புளூடூத் இணைப்பு வந்துவிடாது. ஃபோனைக் காதில் வைத்துப் பேசும்போது கருவியின் மைக்குக்கோ, காந்தப்புலத்தைப் பிடிக்கும் சிறு கம்பிச்சுருளான டெலிகாயிலுக்கோ ஒலி நன்றாகச் சேர்வதற்கான வசதி அது. வழி வேறு, வேலை வேறு.

வளைகுடாவிலிருந்து ஃபோன் வாங்கிக் கொடுத்தனுப்ப நினைப்பவர்கள், கருவியின் மாடலை முதலில் கேட்டுவிட்டு ஃபோனைத் தேர்ந்தெடுங்கள். கருவியின் விலையோடு பார்த்தால் ஃபோனை மாற்றுவது எளிது. இன்னும் கருவியே வாங்கவில்லை என்றால், அன்றாடம் பயன்படுத்தும் ஃபோனைக் கையோடு கொண்டுபோங்கள். நாகர்கோவிலானாலும் மார்த்தாண்டமானாலும் திருவனந்தபுரமானாலும், கடையிலேயே அந்த ஃபோனில் இணைத்து ஒரு அழைப்பு பேசிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

3. தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

கருவி முழு சார்ஜில் இருக்க வேண்டும். கழற்றி மாற்றும் பேட்டரி என்றால் புதிது போடுங்கள். பழுப்பு ஸ்டிக்கர் ஒட்டிய 312, ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டிய 13 ஆகியவை அதிகம் பயன்படும் அளவுகள். இவை துத்தநாக-காற்று பேட்டரிகள். ஸ்டிக்கரை உரித்த பிறகு உள்ளே காற்று புகுந்தால்தான் மின்சாரம் ஊறும். எனவே உரித்து ஐந்து நிமிடம் வெளியே வைத்திருந்து, பிறகு கருவிக்குள் போடுங்கள்.

பாதி தீர்ந்த பேட்டரியில் வெளிச்சத்தம் நன்றாகவே கேட்கும். அதை நம்பி இணைக்கத் தொடங்கினால் பாதியில் அறும். ரேடியோ வேலை செய்யும்போது மின்சாரம் கூடுதலாக இழுக்கப்படுகிறது. தளர்ந்த பேட்டரி அந்த நேரத்தில் தாங்காது.

ஃபோனில் பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கட்டும். பவர் சேவிங் ஆனில் இருந்தால் அணைத்துவிடுங்கள். மென்பொருள் அப்டேட் காத்திருந்தால் அதை முதலில் முடித்து, ஃபோனை ஒருமுறை அணைத்து ஆன் செய்யுங்கள். இணைத்த பிறகு அப்டேட் செய்தால் சில ஃபோன்களில் எல்லாவற்றையும் திரும்பச் செய்ய நேரும்.

காது மெழுகு அடைப்பையும் இப்போதே பாருங்கள். காதுக்குள் போகும் நுனியில் உள்ள வடிகட்டி அடைந்திருந்தால் இணைத்த பிறகும் ஒலி மெலிந்துதான் வரும். அப்போது புளூடூத்தைத்தான் எல்லோரும் குறைசொல்வார்கள்.

4. பழைய இணைப்புகளை அழியுங்கள்

வீட்டில் உள்ள மற்ற எல்லா ஃபோன், டேப்லெட், கார் ஸ்டீரியோ ஆகியவற்றின் புளூடூத்தையும் அணையுங்கள். கருவி தனக்கு முன்பு பழக்கமான ஃபோனைத்தான் முதலில் தேடும். சோதித்துப் பார்க்க மருமகள் ஒருமுறை தன் ஃபோனில் இணைத்திருந்தால், அவர் பக்கத்து அறைக்கு வரும்போதெல்லாம் கருவி அவருடைய ஃபோனோடு போய்ச் சேர்ந்துகொள்ளும்.

பிறகு, இணைக்கப் போகும் ஃபோனின் புளூடூத் பட்டியலில் இந்தக் கருவியின் பெயர் முன்பே இருந்தால் ‘ஃபர்கெட்’ அல்லது ‘அன்பேர்’ கொடுத்து நீக்குங்கள். வலது, இடது என்று இரண்டு பெயர் இருந்தால் இரண்டையும் நீக்க வேண்டும். ஒன்றை மட்டும் நீக்கினால் ஒரு காது புதிய இணைப்பிலும் மறு காது பழைய இணைப்பிலும் நின்று, ஒரு பக்கம் மட்டும் கேட்கும்.

ஐபோனில் ஆக்சஸிபிலிட்டிக்குள் உள்ள ‘ஹியரிங் டிவைசஸ்’ பக்கத்தையும் பாருங்கள். அங்கேயும் பழைய பெயர் தங்கியிருக்கலாம்.

5. மூன்று நிமிடத்துக்குள் முடியுங்கள்

பெரும்பாலான கருவிகள் ஆன் ஆனதிலிருந்து ஏறக்குறைய மூன்று நிமிடம் மட்டுமே புதிய ஃபோனை ஏற்கத் தயாராக இருக்கும். அதன் பிறகு கதவை மூடிக்கொள்ளும். காலையில் மாட்டிய கருவியை மாலையில் ஃபோனில் தேடினால் பட்டியலில் வராததற்கு இதுவே காரணம்.

ஆகவே ஃபோனில் சரியான மெனுவைத் திறந்து வைத்த பிறகு கருவியை ஆன் செய்யுங்கள். பேட்டரிக் கதவு உள்ள கருவியில் கதவைத் திறந்து, பத்து வினாடி பொறுத்து, மூடுங்கள். சார்ஜ் ஏற்றும் கருவியில் சார்ஜருக்குள் வைத்து, விளக்கு எரிந்த பிறகு வெளியே எடுங்கள்; எடுத்ததும் தானே ஆன் ஆகும். இரண்டு கருவிகளையும் ஒரே நேரத்தில் ஆன் செய்யுங்கள்.

இணையும் வரை இரண்டும் ஃபோனுக்கு ஒரு முழத்துக்குள் இருக்கட்டும். காதில் மாட்டியபடியும் செய்யலாம், மேசைமேல் வைத்தும் செய்யலாம். இரும்பு மேசை, எவர்சில்வர் தட்டு மட்டும் வேண்டாம்.

6. ஐபோனில் இணைப்பது

‘மேட் ஃபார் ஐபோன்’ கருவியைப் புளூடூத் மெனுவில் தேடாதீர்கள். புளூடூத்தை ஆன் செய்து விட்டு, செட்டிங்ஸ், ஆக்சஸிபிலிட்டி, ஹியரிங் டிவைசஸ் என்று போங்கள். தேடுவதாகக் காட்டும்போது கருவியை ஆன் செய்யுங்கள். பெயர் தெரிந்ததும் அதைத் தொடுங்கள். ‘பேர்’ என்று கேட்கும். சரி என்று அழுத்துங்கள்.

இங்கே அவசரப்படக் கூடாது. இரண்டு கருவி இருந்தால் இந்தக் கேள்வி இரண்டு முறை வரும். முதல் கேள்விக்கும் இரண்டாவதுக்கும் இடையில் சில வினாடிகள் முதல் ஒரு நிமிடம் வரை ஆகலாம். முதலாவதை அழுத்திவிட்டு முகப்புப் பக்கத்துக்குப் போய்விடுகிறவர்களுக்கு ஒரு காது மட்டும் இணைந்திருக்கும்.

முடிந்ததும் பக்கவாட்டுப் பொத்தானை மூன்று முறை வேகமாக அழுத்திப் பாருங்கள். முகப்புப் பொத்தான் உள்ள பழைய ஐபோனில் அந்தப் பொத்தானை மூன்று முறை அழுத்துங்கள். கருவியின் சார்ஜ் அளவும் ஒலி அளவும் வலது, இடது தனித்தனியாகத் தெரியும். தெரியவில்லை என்றால் ‘ஆக்சஸிபிலிட்டி ஷார்ட்கட்’ பகுதியில் ஹியரிங் டிவைசஸைத் தேர்ந்தெடுங்கள். எந்தக் காதில் சார்ஜ் தீர்கிறது என்று முதியவர்கள் தாமே பார்த்துக்கொள்ள இது மிகவும் உதவும்.

ஃபோனாக் போன்ற சாதாரண புளூடூத் கருவி என்றால், ஐபோனாக இருந்தாலும் அழைப்புக்கும் பாட்டுக்கும் புளூடூத் மெனுவில்தான் இணைக்க வேண்டும். ஐபோன் என்றாலே ஆக்சஸிபிலிட்டி என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கே தவறுகிறார்கள். மெனுவைத் தீர்மானிப்பது கருவியின் வகை.

7. ஆண்ட்ராய்டில் ஆஷா, எல்இ ஆடியோ

ஆக்சஸிபிலிட்டியில் ஹியரிங் டிவைசஸைத் திறந்து புதிய கருவியைச் சேர்க்கும் பொத்தானை அழுத்துங்கள். அப்படி ஒரு பக்கம் இல்லாத ஃபோனில் கனெக்டட் டிவைசஸுக்குள் ‘பேர் நியூ டிவைஸ்’ போதும். பெயர் வந்ததும் தொட்டு, அனுமதி கொடுங்கள். ஒரு பக்கம் இணைந்ததும் மறுபக்கம் தானே சேரும் ஃபோன்களும் உண்டு. அதையும் தனியாகத் தொட வேண்டிய ஃபோன்களும் உண்டு. இணைந்த பின் அந்தக் கருவியின் பக்கத்தைத் திறந்து, வலது, இடது இரண்டும் காட்டுகிறதா என்று பார்ப்பதுதான் நிச்சயமான வழி.

பெயர் தெரிகிறது, இணைந்ததாகவும் காட்டுகிறது, ஆனால் பாட்டு ஃபோன் ஸ்பீக்கரிலேயே வருகிறது என்றால், அந்த ஃபோனில் ஆஷா இல்லை என்று பொருள் கொள்ளலாம். கருவி நிறுவனத்தின் ஆப் கருவியைக் கட்டுப்படுத்தும், ஒலி மட்டும் போகாது. எத்தனை முறை திரும்பச் செய்தாலும் இது மாறாது. நேரத்தை வீணாக்காமல் 12-ஆம் பகுதியில் சொல்லும் இடைக்கருவியை யோசியுங்கள்.

எல்இ ஆடியோ உள்ள கருவியில், அதன் பக்கத்தில் ‘எல்இ ஆடியோ’ என்று தனிச் சுவிட்ச் இருக்கலாம். ஒலி விட்டுவிட்டு வந்தால் அதை ஒருமுறை அணைத்தும் ஆன் செய்தும் பாருங்கள். இது இன்னும் முதிர்ந்து வரும் தொழில்நுட்பம். ஃபோன் அப்டேட் ஒவ்வொன்றிலும் நடத்தை சற்று மாறுகிறது.

8. சாதாரண புளூடூத் கருவி

செட்டிங்ஸ், புளூடூத், ‘பேர் நியூ டிவைஸ்’. கருவியை ஆன் செய்து, வரும் பெயரைத் தொட்டால் முடிந்தது. பட்டியலில் ஒரு பக்கத்தின் பெயர்தான் வரும். அதைக் கண்டு பதற வேண்டாம், ஒலி இரண்டு காதிலும் வரும்.

இணைந்த பின் பெயருக்கு அருகிலுள்ள சக்கரச் சின்னத்தைத் தொட்டு, ‘ஃபோன் கால்ஸ்’, ‘மீடியா ஆடியோ’ இரண்டும் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். அழைப்பு வருகிறது, யூடியூப் வரவில்லை என்ற புகாரில் பாதி இந்த இரண்டாவது சுவிட்சால் தீரும்.

9. ஆப் கடைசியில்தான்

ஆப்பை முதலில் போட்டு, அதிலிருந்து இணைக்கத் தொடங்குவதே வழக்கமாக இருக்கிறது. அதைத் தவிருங்கள். ஒலி போகும் இணைப்பு ஒன்று, ஆப் கட்டளை அனுப்பும் இணைப்பு இன்னொன்று. ஒலி இணைப்பு உறுதியான பிறகு ஆப்பைச் சேர்த்தால், பிறகு ஏதாவது தவறும்போது எது அறுந்தது என்று தெளிவாகத் தெரியும். ஃபோனாக்கில் இந்த இரண்டையும் தனித்தனியாகவே இணைக்க வேண்டும்.

ஆண்ட்ராய்டு 12 முதல் ஆப் ‘நியர்பை டிவைசஸ்’ அனுமதி கேட்கும். அதற்கு முந்தைய பதிப்புகளில் ‘லொக்கேஷன்’ கேட்கும். லொக்கேஷன் எதற்கு என்று பயந்து மறுத்தால் ஆப்பால் கருவியைத் தேட முடியாது. பழைய ஆண்ட்ராய்டில் புளூடூத் தேடல் அந்த அனுமதிக்குள் அடங்கியது. பேட்டரி செட்டிங்ஸில் அந்த ஆப்பை ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ என்று வையுங்கள். இல்லையென்றால் ஃபோன் அதைப் பின்னணியில் நிறுத்திவிடும்.

எழுபதைத் தாண்டியவருக்கு அழைப்பு மட்டும் கேட்டால் போதும் என்றால் ஆப்பே வேண்டாம். தவறுதலாக எதையோ தொட்டு ஒலியைக் குறைத்துவிட்டு, கேட்கவில்லை என்று வருந்துவதுதான் மிச்சமாகும்.

10. சோதித்துப் பாருங்கள், ஒலியை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்யுங்கள்

முதலில் யூடியூபில் ஒரு பாட்டு, அடுத்து சாதாரண அழைப்பு, கடைசியில் வாட்ஸ்அப் அழைப்பு. இந்த வரிசையில் சோதியுங்கள். மூன்றும் ஃபோனுக்குள் வெவ்வேறு பாதையில் போகின்றன, ஒவ்வொன்றின் ஒலி அளவும் தனி. அழைப்பின் ஒலியைக் கூட்ட, அழைப்பு நடக்கும்போதே பக்கவாட்டுப் பொத்தானை அழுத்த வேண்டும்.

ஐபோனில் ஹியரிங் டிவைசஸ் பக்கத்தில் அழைப்பு ஒலி, மீடியா ஒலி, ரிங்டோன் ஒவ்வொன்றும் எங்கே போகவேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். ஆண்ட்ராய்டு 14 முதல் அங்கேயும் இப்படிப் பிரிக்கலாம். அழைப்பும் மீடியாவும் கருவிக்கு, நோட்டிஃபிகேஷன் சத்தம் ஃபோனுக்கு என்று வைப்பது நல்லது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கம் வரும் ஒவ்வொரு முறையும் காதுக்குள் மணி அடித்தால், யாராக இருந்தாலும் கருவியைக் கழற்றி வைத்துவிடுவார்கள்.

ஒரு காதில் மட்டும் கருவி அணிபவருக்கு ‘மோனோ ஆடியோ’ சுவிட்சை ஆக்சஸிபிலிட்டியில் ஆன் செய்யுங்கள். ஸ்டீரியோ பாட்டில் வலது, இடது என்று ஒலி பிரிந்து வரும். மோனோ இல்லாவிட்டால் ஒரு பாதி அவருக்கு வந்து சேராது. அதே பக்கத்தில் உள்ள சமநிலைக் கோடு நடுவில் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

பேசும்போது உங்கள் குரலை எந்த மைக் எடுக்கிறது என்பது மிக முக்கியம். சாதாரண புளூடூத் கருவிகள் தம் மைக்கிலேயே உங்கள் குரலை எடுத்து அனுப்பும். ஃபோன் பையிலேயே இருக்கலாம். ஆஷாவிலும் பழைய ‘மேட் ஃபார் ஐபோன்’ கருவிகளிலும் ஃபோனின் மைக்தான் வேலை செய்யும். ஆகவே ஃபோனை வாய்க்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் பிடித்துப் பேச வேண்டும். உங்களுக்கு நன்றாகக் கேட்கிறது, எதிர்முனையில் ‘ஹலோ, ஹலோ’ என்கிறார்கள் என்றால் காரணம் இதுதான். ஐபோன் 11-உம் அதற்குப் பிந்தையவையும், புதிய சில கருவிகளோடு சேர்ந்தால் கை வைக்காமலே பேசலாம்.

வளைகுடா அழைப்புகள் வரும் வீடுகளில் இதையும் கவனியுங்கள். ஆண்ட்ராய்டு 12 முதல் வாட்ஸ்அப்புக்கும் ‘நியர்பை டிவைசஸ்’ அனுமதி வேண்டும். அது இல்லாவிட்டால் சாதாரண அழைப்பு கருவியில் வரும், வாட்ஸ்அப் அழைப்பு ஃபோனிலேயே ஒலிக்கும். அமீரகத்தில் இருப்பவர்கள் பயன்படுத்தும் போட்டிம், மற்றும் ஐஎம்ஓ போன்ற அழைப்பு ஆப்களுக்கும் அனுமதிகளை ஒருமுறை பாருங்கள். அழைப்பு நடக்கும்போது திரையில் உள்ள ஸ்பீக்கர் சின்னத்தைத் தொட்டால் கருவியின் பெயர் வரும், அதைத் தேர்ந்தெடுக்கலாம். இதை வீட்டுப் பெரியவருக்கு இரண்டு மூன்று முறை பழக்கிவிடுங்கள்.

11. அறுந்து அறுந்து கேட்டால், ஒரு பக்கம் மெலிந்தால்

முதலில் ஸ்ட்ரீமிங்கை (ஃபோன் ஒலி கருவிக்குள் வருவதை) நிறுத்தி, பக்கத்தில் ஒருவர் பேசுவதைக் கேளுங்கள். அதுவும் மெலிந்திருந்தால் மெழுகு, ஈரம், பேட்டரி இவற்றில் ஒன்று. நேரில் பேசுவது நன்றாகக் கேட்டு, ஃபோன் மட்டும் மோசம் என்றால்தான் இணைப்பில் கை வைக்க வேண்டும்.

புளூடூத் அலை 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. ஈரம் நிறைந்த மனித உடல் அதை நன்றாக உறிஞ்சும். ஃபோனைப் பின்பையிலோ, மடியில் சொருகியோ வைத்துக்கொண்டு நடந்தால் எதிர்ப்பக்கக் காதில் ஒலி அறும். சட்டைப்பையில் வைத்தால் பெரும்பாலும் தீரும். வைஃபை மோடத்துக்கு அருகிலும் மைக்ரோவேவ் ஓடும்போதும் இதே தொல்லை வரலாம்.

எதுவுமே கேட்கவில்லை, ஆனால் ஃபோன் இணைந்ததாகக் காட்டுகிறது என்றால் கருவிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பேட்டரிக் கதவை மூடியபடியே கருவியைக் கழற்றிப் பெட்டியில் போட்டிருந்தால், அது இன்னும் ஆனில்தான் இருக்கும். வரும் அழைப்பின் குரல் எல்லாம் பெட்டிக்குள் போய்க்கொண்டிருக்கும். கழற்றியதும் கதவைத் திறந்து வைப்பதைப் பழக்கமாக்குங்கள், பேட்டரியும் மிச்சம்.

பேச்சு புரிகிறது, ஆனால் பாட்டில் அடித்தொனியே இல்லை என்பது இணைப்புக் கோளாறு அல்ல. கருவியின் நுனியில் காதுக்குள் போகும், துளையுள்ள திறந்த சிலிக்கோன் தொப்பி வழியாகத் தாழ்ந்த ஒலி வெளியே கசிந்துவிடுகிறது. மூடிய தொப்பியோ, காதின் வடிவத்துக்கு அளவெடுத்துச் செய்யும் காது அச்சோ போட்டால் மாறும். அதைக் கேள்திறன் நிபுணரான ஆடியாலஜிஸ்ட் முடிவு செய்யட்டும். தொப்பியை நீங்களே மாற்றினால் கருவியில் வைத்த அளவுகளும் பொருந்தாமல் போகும்.

ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கமும் கடற்கரையிலும் காற்றின் இரைச்சல் ஸ்ட்ரீமிங்கோடு கலந்து வரும். கருவியின் வெளி மைக் திறந்திருப்பதே காரணம். ஆப்பில் வெளிச்சத்தத்தைக் குறைக்கலாம். ஆனால் சாலையைக் கடக்கும்போதும் இருசக்கர வண்டியில் போகும்போதும் அப்படிக் குறைக்கவே கூடாது. பின்னால் வரும் பஸ்ஸின் ஹாரன் கேட்காமல் போகும்.

உப்புக்காற்றும் மழையும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கருவியின் பெரிய எதிரிகள். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் இங்கே பெய்கிறது. குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் பேட்டரித் தகடுகளில் பச்சை படிவதும், மைக் துளையில் உப்பு சேர்வதும் இயல்பு. தகட்டில் பச்சை படிந்தால் மின்தொடர்பு தளர்ந்து ஸ்ட்ரீமிங்தான் முதலில் அறும். இரவில் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட, இறுக்கமாக மூடும் டப்பாவில் வையுங்கள். பேட்டரியை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அதுவும் உலர்ந்து ஆயுள் குறையும். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரத்தை நிறைய உறிஞ்சிவிட்டன, மாற்ற வேண்டும். ஹேர் டிரையர், வெயில் இரண்டும் வேண்டாம். வெப்பத்தில் கருவியின் உள்பாகங்கள் கெடும்.

ஸ்ட்ரீமிங் அதிகமானால் பேட்டரி சீக்கிரம் தீர்வது கோளாறல்ல. ஒரு வாரம் ஓடும் 312 பேட்டரி, நாள்தோறும் மணிக்கணக்கில் சீரியலும் அழைப்பும் கேட்டால் மூன்று நான்கு நாளில் தீரலாம். வெளியூர் போகும்போது கூடுதலாக ஒரு பேட்டரி அட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

12. பொருந்தாத ஃபோனுக்கும் பழைய கருவிக்கும்

கருவியில் கம்பியில்லா வசதி இருந்து ஃபோன் மட்டும் பொருந்தவில்லை என்றால், அந்தந்த நிறுவனம் விற்கும் இடைக்கருவி உதவும். ஓட்டிகானுக்குக் கனெக்ட்கிளிப், ரீசவுண்டுக்கு ஃபோன் கிளிப் பிளஸ், சிக்னியாவுக்கு ஸ்ட்ரீம்லைன் மைக். ஃபோன் இதனோடு சாதாரண ஹெட்செட் போல இணையும். இது ஒலியைக் கருவிக்கு அனுப்பும். ஒரு நிறுவனத்தின் இடைக்கருவி இன்னொன்றின் கருவிக்குப் பொருந்தாது. அதே நிறுவனத்திலும் எல்லா மாடலுக்கும் பொருந்தாது. கருவியின் மாடலைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

கருவியில் டெலிகாயில் மட்டும் இருந்தால் கழுத்தில் மாட்டும் புளூடூத் கம்பி வளையமான நெக்லூப் போதும். கருவியின் டெலிகாயில் புரோகிராம் ஆன் செய்யப்பட்டிருக்க வேண்டும். அதை ஆடியாலஜிஸ்ட் செய்துதர வேண்டும்.

இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் ‘புளூடூத் காது மெஷின்’ வாங்காதீர்கள். எல்லா ஒலியையும் ஒரே அளவில் பெருக்கும் பொருள் அது. அவரவர் காதின் குறைக்கு ஏற்ப அளவு வைக்க அதில் வழியில்லை, கூடுதல் சத்தம் மீதமிருக்கும் கேள்திறனையும் கெடுக்கும்.

13. ஆடியாலஜிஸ்டிடம் போகும்போது

நான்காம் படி முதல் ஒருமுறை முழுதாகத் திரும்பச் செய்தும் இணையவில்லை என்றால் வீட்டில் மேலும் முயல வேண்டாம். கருவியின் உள்ளே பழைய இணைப்புகள் நிறைந்திருக்கலாம், அவற்றை ஆடியாலஜிஸ்ட் தம் கணினியில் அழிக்கலாம். ஸ்ட்ரீமிங்கின்போது வெளி மைக் எவ்வளவு கேட்க வேண்டும், எந்தக் காதின் மைக் அழைப்பை எடுக்க வேண்டும், ஸ்ட்ரீமிங் ஒலி எவ்வளவு கூடலாம் என்பவையும் அங்கேதான் மாறும். கருவியின் மென்பொருளுக்கு அப்டேட் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

இரண்டு கருவிகள், சார்ஜர், பில் அல்லது வாரண்டி அட்டை, அன்றாடம் பயன்படுத்தும் அதே ஃபோன் இவற்றைக் கொண்டுபோங்கள். ஃபோனின் திரைப் பூட்டு எண்ணும், ஆப் ஸ்டோருக்கான கடவுச்சொல்லும் தெரிந்த ஒருவர் கூட வரட்டும். ‘கேட்கவில்லை’ என்று மட்டும் சொல்லாமல், எந்தக் காது, எந்த அழைப்பு, ஃபோன் எங்கே இருந்தது, மாட்டி எத்தனை மணி நேரம் கழித்து அறுந்தது என்று ஒரு வாரம் தாளில் குறித்துக் கொடுத்தால், பாதி வேலை அங்கே உட்கார்ந்ததுமே முடிந்துவிடும்.